கோளாறு கேமராவில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்தில் வி.ஏ.ஆர். (நடுவரின் முடிவை வீடியோவில் சரிபார்க்கும் முறை) வேண்டாம், பழையபடி நடுவரின் கண்ணை நம்புவோம் என்று நிறைய ரசிகர்கள் பேசுவதைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து வீரர் லாம்பார்டு அடித்த பந்து கோல் கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்தும் கோல் தரவில்லையே, மறந்துவிட்டார்களா? பந்து கோட்டைத் தாண்டியதா என்று கருவியே சொல்லும் கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வந்தபின் அந்தச் சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

வி.ஏ.ஆரில் திரையைப் பார்த்து முடிவு சொல்வது மனிதர்தான், அங்கேதான் சிக்கலே. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது சரியான கோல். மைதானத்தில் ஆஃப்சைடு (பந்து தரப்பட்டபோது எதிரணியின் தடுப்பு வீரர்களைத் தாண்டி நின்றார்) என்று மறுத்திருக்க, திரைமுன் இருந்தவர் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்ல, ஆட்டம் அப்படியே தொடர்ந்துவிட்டது. படம் தெளிவாகத்தான் இருந்தது. பேச்சில்தான் கோளாறு. அப்புறம் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள், சரி, போன கோல் திரும்பி வருமா?

'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால்தான் தலையிட வேண்டும் என்கிறது விதி. எது தெளிவு என்பது நடுவருக்கு நடுவர் மாறுகிறது, பந்து கையில் பட்ட விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

2023 மகளிர் உலகக் கோப்பையில் திரையைப் பார்த்துவிட்டு வந்த நடுவரே ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்தார். எல்லா லீக்குகளிலும் இதைக் கட்டாயமாக்கட்டும். வி.ஏ.ஆர். அறைக்குள் பேசுவதையும் ஆட்டம் நடக்கும்போதே ரசிகர்கள் கேட்கும்படி விடட்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்