கடைசி மாற்றல்: துறவற சபைத் தலைவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க சபைத் தலைவியரே, மாநிலத் தலைவியரே, ஆலோசனைக் குழுச் சகோதரிகளே,

என் சித்தி ஒரு கத்தோலிக்க அருள்சகோதரி (கன்னியாஸ்திரி). 53 ஆண்டுகளில் ஒன்பது மாற்றல். ஒவ்வொரு முறையும் கடிதம் வந்த சில நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏன் என்று கேட்டதே இல்லை. அதுதானே கீழ்ப்படிதல் என்பார். பத்தாவது மாற்றல் வயதான சகோதரிகளுக்கான இல்லத்துக்கு. அதுவும் மூன்று வரிக் கடிதமாகத்தான் வந்தது. அன்றுதான் சித்தி முதன்முறையாகச் சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. 1970-இல் உலகெங்கும் அருள்சகோதரிகள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர்; இன்று 6 இலட்சத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் மட்டும் 1965-இல் இருந்த 1,80,000 பேரில் இன்று கால் பங்குகூட இல்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற உறுதிமொழிக்கு, ஆளில்லாத சபைகள் எத்தனையோ. இல்லங்களை மூடத்தான் வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கும் உங்களில் பலருக்கே எழுபதைத் தாண்டிவிட்டது. இதில் யாரையும் குற்றவாளியாக்க நான் வரவில்லை.

ஆனால் முதிய சகோதரிகளைப் பராமரிப்பதைத் தருமம்போலப் பேசுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. அது கடன். ஒரு துறவி உழைத்துப் பெறுவதெல்லாம் சபைக்கே சேரும் என்கிறது திருச்சபைச் சட்டம் 668. ஓய்வூதியமும் பொதுவாக அப்படித்தான். அவர்கள் பெயரில் சேமிப்பு இல்லை, வீடு இல்லை, பிள்ளைகள் இல்லை. தேவையானதையெல்லாம் சபையே தரவேண்டும் என்கிறது சட்டம் 670. அதே தொகுப்பின் 618-ஆம் எண்ணையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தலைவர்கள் தங்கள் பொறுப்பில் உள்ளவர்களுக்கு மனமுவந்து செவிகொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எண்பது வயதுக்குமேல் அது பொருந்தாது என்று எங்கும் இல்லை.

'அவர்களுக்கு என்ன புரியப்போகிறது' என்ற எண்ணம் நல்ல மனம் கொண்டவர்களிடமும் இருக்கிறது. 1986-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கன்னியர் ஆய்வு' உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோத்ரு தாம் பள்ளிச் சகோதரிகள் என்ற சபையைச் சேர்ந்த 678 பேர், எல்லோரும் 75 வயதைத் தாண்டியவர்கள், இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களில் சிலரது மூளையில் மறதிநோயின் தடயங்கள் நிறைந்திருந்தன. ஆனாலும் அவர்கள் கடைசிவரை தெளிவாகவே இருந்திருக்கிறார்கள். வயதைப் பார்த்து அறிவை அளக்கக் கூடாது என்பதற்கு உங்கள் சகோதரிகளே சாட்சி தந்திருக்கிறார்கள். நினைவு மங்கியவருக்குக்கூட யார் பக்கத்தில் இருந்தால் நிம்மதி என்று சொல்லத் தெரியும்.

துறவியருக்கான அர்ப்பண வாழ்வு நாள் பிப்ரவரி 2-இல் வருகிறது. அன்று வாசிக்கும் நற்செய்தியில் அன்னா என்ற இறைவாக்கினர் வருகிறார். 84 வயது, கோவிலை விட்டு நீங்காதவர். அவரைத் திருப்பணியிலிருந்து யாரும் விலக்கி வைக்கவில்லை.

ஆகவே, ஓர் இல்லத்தை மூடும் எண்ணம் வந்ததுமே அங்குள்ள முதியவர்களிடம் சொல்லுங்கள். விற்பனைப் பத்திரம் தயாரான பிறகு வேண்டாம். யாரோடு இருக்க விருப்பம், சிற்றாலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை வேண்டுமா, எங்கே அடக்கம் செய்யப்பட ஆசை என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டம் உள்ள நிலத்தை விற்கும்போது இது இன்னும் முக்கியம். தாங்கள் அடக்கம் செய்த தோழிகளை அங்கே விட்டுவிட்டுத்தான் அவர்கள் வண்டி ஏறுகிறார்கள். கேட்டதெல்லாம் கிடைக்காது என்று அவர்களுக்கே தெரியும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள்.

சித்தியோடு ஒரே நாளில் வார்த்தைப்பாடு கொடுத்த சகோதரி இப்போது வேறோர் இல்லத்தில் இருக்கிறார். இருவரையும் ஒரே இடத்தில் வைக்க முடியுமா என்று கேட்டு, நடுங்கும் கையால் சித்தி ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அப்படி ஒரு கடிதம் உங்கள் மேசையிலும் இருக்கலாம். தயவுசெய்து இந்த வாரமே அதைப் பிரித்துப் படியுங்கள்.

அன்புடன்,
ஓர் அருள்சகோதரியின் அக்காள் மகள்