எந்த அலி, எந்த டைசன்?

அன்புள்ள கார்த்திக்,

குத்துச்சண்டையில் முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று உங்கள் அறையில் பந்தயம் ஓடுவதாக எழுதியிருந்தாய். ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். அலிதான். ஆனால் எந்த அலி, எந்த டைசன், எந்த விதி என்று பேசி முடிக்காமல் நூறு ரூபாய்கூட வைக்காதே.

முதலில் தேதியைக் குறித்துக்கொள். 1980இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய அலியை வைத்து உன் பெரிய மாமா வாதாடுவார். அது கால்கள் ஓய்ந்துபோன அலி. நமக்கு வேண்டியவர் 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த 24 வயது ஆள். டைசன் என்றால் 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் படுக்கவைத்தபோது டைசனுக்கு 22 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. இந்த இரண்டு இரவுகளையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும். வில்லியம்ஸ் இரண்டு வருடத்துக்கு முன் போலீஸ்காரர் சுட்டதில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். ஸ்பிங்க்ஸ் குறைந்த எடைப் பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே ஏறி வந்தவர். மணி அடிக்கும் முன்பே முகம் வெளிறியிருந்தது.

லாரி ஹோம்ஸை இழுக்கிற வாதம் கட்டாயம் வரும். ஹோம்ஸ் அலியை அடித்தார், டைசன் ஹோம்ஸை அடித்தார், ஆகவே டைசன்தான் பெரியவர் என்பார்கள். 1980 அக்டோபரில் ஹோம்ஸிடம் தோற்றபோது அலிக்கு வயது 38. 1988 ஜனவரியில் டைசனிடம் விழுந்தபோது ஹோம்ஸுக்கும் 38. இருவருமே ஏறக்குறைய இரண்டு வருடம் ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். இதிலிருந்து வயதைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், வேறொன்றும் தெரியாது.

அலியின் கைவீச்சு 78 அங்குலம், டைசனுடையது 71. ஏழு அங்குல வித்தியாசம் என்று உன் நண்பன் மலைக்கிறான். கைவீச்சை இரண்டு கையையும் விரித்து, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை, மார்பையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். ஒரு கைக்கு என்று பிரித்தால் மூன்றரை அங்குலம்கூடத் தேறாது. டைசன் பாதி குனிந்து, தலையை அலியின் மார்பு மட்டத்துக்கு இறக்கி வருவார். மேலிருந்து கீழே இறங்கும் ஜாப், அதாவது முன்கையால் விடும் குத்து, நேராகப் போகும் ஜாபைவிடச் சீக்கிரம் நின்றுவிடும். எனவே அலியைக் காப்பாற்றப் போவது கை நீளமல்ல, கால்.

டைசனின் முறை அவருடைய பயிற்சியாளர் கஸ் டமாட்டோ கற்றுக்கொடுத்தது. இரண்டு கையுறையும் கன்னத்தோடு, முழங்கைகள் விலாவோடு, தோள்கள் ஏறக்குறைய நேருக்கு நேர். ஜாப் வரும்போது தலை ஒரு பக்கம் நழுவும், அதே அசைவில் கால் பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்கும். எதிராளி திரும்புவதற்குள் வலது கை விலாவில் இறங்கி, அதே கை அப்பர்கட்டாக மேலே வரும். விலாவில் வாங்கியவனின் முழங்கை தானாகக் கீழே போகும்; தாடை திறந்து கிடக்கும். உயரமானவர்களுக்கு எதிராக இதைவிட நல்ல ஆயுதத்தை நான் பார்த்ததில்லை.

அலியின் தற்காப்பு பாடப்புத்தகத்துக்கு நேர் எதிர். கைகள் இடுப்பருகே தொங்கும், குத்து வந்தால் தலையை நேராகப் பின்னால் சாய்ப்பார். நேர்க்குத்துக்கு இது சரி, ஹுக்குக்குச் சரிவராது. ஹுக் வளைந்து வருவதால் பின்னால் சாய்ந்த தலையும் அதன் பாதையிலேயே இருக்கும். சோனி பேங்க்ஸ் 1962இல், ஹென்றி கூப்பர் 1963இல், ஜோ ஃபிரேசியர் 1971இல் அலியைத் தரையில் தள்ளினார்கள். மூன்றுமே இடது ஹுக். அலி வழக்கமாகத் தன் இடப்பக்கமாகவே சுற்றுவார். அது எதிராளியின் இடது ஹுக்கிலிருந்து விலகும் திசை. டைசனுக்கு வலது கையும் அதே கனம் என்பதால் அந்தப் பழக்கம் மட்டும் போதாது. இரண்டு எட்டுக்கு ஒருமுறை திசை மாற்ற வேண்டும். 1966இன் கால்களுக்கு அது முடியும். 1971இன் கால்களுக்கு முடியாது.

ஆக முதல் நான்கு ரவுண்டுதான் ஆட்டமே. அதில் ஒருமுறையாவது அலி விழுவார் என்று வைத்துக்கொள். ஆனால் மேலே சொன்ன மூன்று முறையும் எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். எழுந்ததும் கட்டிப்பிடிப்பார். இடது கையை டைசனின் பிடரியில் போட்டுக் கீழே அழுத்தி, தன் எடையைச் சாய்ப்பார். 1974 ஜனவரியில் ஃபிரேசியரை இப்படித்தான் பன்னிரண்டு ரவுண்டும் அடக்கினார். இப்படிக் கட்டிப்பிடித்து நிற்கும் கிளிஞ்ச்சில் டைசன் கையை விடுவித்துக்கொள்ள அதிகம் மெனக்கெடுவதில்லை, ரெஃப்ரி பிரிக்கட்டும் என்று நிற்பார். 1987 மார்ச்சில் போன்கிரஷர் ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். ஸ்மித் தோற்றார், பார்த்தவர்களுக்கும் தூக்கம் வந்தது, ஆனாலும் விழவில்லை. ஸ்மித்திடம் இல்லாத ஜாப் அலியிடம் இருக்கிறது.

ஆகவே ரெஃப்ரி யார் என்று கேட்காமல் பேசாதே. 1975இல் மணிலாவில் ஃபிரேசியருடன் நடந்த சண்டையில் ரெஃப்ரி கார்லோஸ் பாடில்யா, அலி பிடரியைப் பிடித்தபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டார். அந்தச் சண்டை எவ்வளவு கடுமையாகப் போனது என்று உனக்கே தெரியும். அப்படி ஒருவர் நின்றால் என் நம்பிக்கை பாதியாகும்.

இனி ரவுண்டுக் கணக்கு. அலி காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகு பன்னிரண்டாகக் குறைக்கத் தொடங்கினார்கள். டைசன் பதின்மூன்றாவது ரவுண்டை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. ஐந்தாறு ரவுண்டுக்குப் பிறகு அவருடைய தலை அசைவு குறைந்து, கூட்டாக வந்த குத்துகள் ஒற்றைக் குத்துகளாகிவிடும். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் டைசனை வீழ்த்திய பஸ்டர் டக்ளஸ் செய்ததும் பெரிய மாயமில்லை: ஜாப், பின்னாலேயே வலது, நெருங்கினால் பிடி. அன்றைய டைசன் சரியாகத் தயாராகாதவர் என்பதையும் கணக்கில் கொள். பயிற்சியாளர் கெவின் ரூனி மூலையில் இருந்தவரை அந்தத் தலை ஓயாமல் அசைந்தது.

கையுறையையும் கேள். அலி காலத்தில் 8 அவுன்ஸ், டைசன் காலத்தில் 10. எட்டு என்றால் டைசனின் ஒரு குத்து ஆட்டத்தை முடித்துவிடலாம், அலியின் ஜாபும் புருவத்தைக் கிழிக்கும். ரிங் 20 அடிச் சதுரமாக இருந்தால் அலிக்கு, 16 அடி என்றால் டைசனுக்கு. 18 அடியில் பேரம் படியும்.

கின்ஷாசாவில் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்து களைப்படையவைத்த தந்திரத்தை டைசனிடம் காட்டினால் என்ன என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஃபோர்மனின் குத்துகள் அகலமாகச் சுற்றி வந்து பெரும்பாலும் கையில் பட்டன. டைசன் உள்ளே புகுந்து விலாவையும் தாடையையும் தேடுகிறவர்.

உன் அறைத்தோழன் இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து டைசன் என்று முடிவு காட்டியதாமே. 1970 ஜனவரியில் மர்ரி வொரோனர் என்பவர் அலியையும் ராக்கி மார்சியானோவையும் இப்படித்தான் மோதவிட்டார். என்சிஆர் 315 என்ற கணினியில் எண்களை ஊட்டி, இருவரையும் நிஜமாகவே ரிங்கில் இறக்கி, ஒவ்வொரு நிமிடமாக ரவுண்டுகளைப் படம் பிடித்தார்கள். மார்சியானோ பல வருடம் முன்பே ஓய்வு பெற்றவர். எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்கத் தியேட்டர்களில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். இங்கிலாந்தில் காட்டியதில் காயத்தால் நிறுத்தி அலி ஜெயித்தார். கணினி ஒன்றுதான், முடிவு இரண்டு. உள்ளே போடுகிற எண்ணை யார் தீர்மானித்தார் என்று உன் தோழனைக் கேள்.

அலிக்கு எதிராக டமாட்டோ முறையை 1965இல் ஃபிளாயிட் பேட்டர்சன் முயன்று பார்த்துப் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றார். அதைச் சாட்சியாகக் கூப்பிடாதே. பேட்டர்சன் 200 பவுண்டுகூட இல்லை, முதுகுவலியும் இருந்தது. டைசன் 218.

15 ரவுண்டு, 20 அடி ரிங், பிடியைப் பொறுத்துக்கொள்ளும் ரெஃப்ரி என்றால் பத்து முறை மோதவிட்டால் ஏழு முறை அலி. பெரும்பாலும் பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு டைசனின் கண் வீங்கி மூடியதும் நிறுத்துவார்கள். 12 ரவுண்டு, 18 அடி, பாடில்யா மாதிரி ரெஃப்ரி என்று உன் அறைத்தோழன் அடம்பிடித்தால் ஐந்துக்கு ஐந்துதான். அப்போது சமப் பந்தயம் கட்டாதே. முதல் நான்கு ரவுண்டுக்குள் முடியுமா முடியாதா என்று தனியாக ஒரு பந்தயம் வை, முடியும் என்ற பக்கம் நீ நில்.

அம்மா