நட வேண்டாம், பிடுங்க வா

கோத்தகிரி,
பிப்ரவரி 20

அன்புள்ள நெட்டச்சிக்கு,

கடிதம் கிடைத்தது, போட்டோவும்தான். அதில் பூநாரை எது, நீ எது என்று என் பேத்திக்கு ஒரே குழப்பம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு மட்டும் மூட்டுவலி. பனி முடிந்தால் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு பனிக்காலமும் சொல்லிக்கொள்கிறார். தேயிலை விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் புலம்பலாகிவிடும், விடு.

பிப்ரவரி 2, சதுப்புநில நாள், கோடியக்கரையில் எப்படிப் போனது? எங்கள் லாங்வுட் சோலைக்கு உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்திருப்பதாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். நீங்கள் 2002-லேயே வாங்கிவிட்டீர்கள். அப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம் தமிழ்நாட்டில் வேறெந்த இடத்துக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பெருமை உன் எழுத்திலேயே தெரிகிறது. "மலைமேல் இருக்கிற 116 ஹெக்டேர் காடு எப்படிச் சதுப்புநிலமாகும்?" என்று கேட்டிருக்கிறாயே, வந்து நடந்து பார். மட்கிய இலையில் கால் புதையும். மழையை அந்த மண் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கீழே இருக்கும் ஊர்களுக்கு அதுதான் குடிதண்ணீர். மிச்சம் பவானியில் இறங்கி, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து, கடைமடைக்கு உங்களிடம் வரும். வந்தால்.

விழாவில் குறையில்லை. பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள், பெரியவர்கள் பேசினார்கள், டீ நன்றாக இருந்தது. எனக்கு எரிச்சல் மூட்டியது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். வெளியூர்க் குழு ஒன்று வேனில் வந்து இறங்கியது. எல்லாருக்கும் ஒரே நிறப் பனியன், ஆளுக்கொரு மரக்கன்று. தோட்டத்தை ஒட்டி ஒரு புல்வெளிச் சதுப்பு இருக்கிறதல்லவா, அங்கே நட வேண்டுமாம். "வெறும் நிலமாத்தானே கிடக்கு, ஆன்ட்டி" என்றான் ஒரு பையன். புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து வாட்டில் என்கிற சீமை மரத்தையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்தான்) வைத்தார்கள். சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிட, ரேயான் கூழுக்கு என்று வைத்துக்கொண்டே போனார்கள். அதைத்தான் நாங்கள் இப்போது குனிந்து குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய மரத்தை வெட்டினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். மேலே வெயில் பட்டால் போதும், தீப்பட்டால் இன்னும் மோசம், நாற்றங்கால் மாதிரி முளைத்துக்கொண்டு வரும். மண் ஈரமாக இருக்கும்போது தண்டின் அடியைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் பட்டென்று முறிந்து வேர் உள்ளே தங்கிவிடும். அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு வர வேண்டும், அதற்கடுத்த வருஷமும். அதற்கெல்லாம் யார் பனியன் அச்சடிக்கப் போகிறார்கள்?

கன்றுகளை வேலியோரம் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, பிடுங்க வருகிறீர்களா என்று கேட்டோம். பாதிப் பேர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த "வெறும் நிலம்" பையன் மட்டும் மத்தியானம் வரை விடவில்லை, கையெல்லாம் கொப்புளம். மறுபடி எப்போது என்று கேட்டு என் நம்பரை வாங்கிப் போயிருக்கிறான். வருவானா, பார்ப்போம்.

நீங்கள் அங்கே சீமைக்கருவேலத்தைப் பிடுங்க ஆரம்பித்திருப்பது நல்ல காரியம். அலையாத்திக் கன்று நடுகிறோம் என்று யாராவது சேற்றுத் திட்டுக்கு வந்தால் மட்டும் உஷாராக இரு. அலையாத்தி வளரும் இடத்தில் வளரட்டும். ஒன்றுமில்லாததுபோல் தெரிகிற அந்தச் சேற்றில்தானே உள்ளான் பறவைகள் புழு பொறுக்குகின்றன? உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் உன்னோடு போட்டி போட முடியாது. நீ பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, கூட்டம் முழுக்க அப்படி எத்தனை என்று பார்த்து ஆயிரக்கணக்கில் எழுதிவிடுகிறாய். இங்கே சோலைக்குள் கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் காதுதான். நீலகிரிச் சிரிப்பான் கத்தினால் அது ஒன்றா நாலா என்று எங்களுக்குள் சண்டை. காட்டுப்புறா ஒன்றை மட்டும் கிளையில் நன்றாகப் பார்த்தேன், கழுத்தில் கட்டம் போட்டதுபோல் கருப்பும் வெள்ளையும். அதற்கே அன்று முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன்.

அக்டோபரில் கிளம்பி வா. மண் இளகியிருக்கும், உன் பறவைகளும் அதற்குள் முழுசாக வந்து சேர்ந்திருக்காது. அரசு பஸ்ஸில் வந்தால், சொந்த வண்டியில் நீலகிரிக்கு வருகிறவர்கள் வாங்க வேண்டிய இ-பாஸ் தொந்தரவும் இல்லை. வரும்போது வேதாரண்யம் கல்லுப்பு ஒரு பை எடுத்து வா, சமையலுக்கு இல்லை, அட்டைக்கு. மழைக்காலத்தில் சோலைக்குள் போனால் முட்டி வரை ஏறிவிடும். பூட்ஸ் வாங்கிவிடாதே, அவருடையது சும்மாதான் கிடக்கிறது.

உன்,
குட்டச்சி