டைனமோவில் கேட்ட மின் நிலையம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த இசைக் கட்டுரையில், கொம்பியூட்டரில் செய்வது இசையே இல்லை, பொத்தானை அமத்தினால் மெசின் பாடிவிடும், அதில் உயிர் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வாசித்ததில் இருந்து மனம் ஆறவில்லை.

தொண்ணூறுகளில், போர்க் காலத்தில், எங்கள் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயரைக் கொழுவித்தான் ரேடியோவும் கசெற்றும் கேட்டோம். அப்போது எங்கள் வீட்டில், ஜேர்மனியில் இருந்த சித்தப்பா முந்தி அனுப்பிய ஒரு கசெற் கிடந்தது. கிராஃப்ட்வேர்க் என்ற ஜேர்மன் மின்னிசைக் குழுவின் 'ஆட்டோபான்' (நெடுஞ்சாலை), 1974இல் வந்தது. ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். கார்க் கதவு சாத்துகிற சத்தம், எஞ்சின் பிடிக்கிற சத்தம், ஹோர்ன், அப்புறம் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு தாளம். தம்பி சுற்றுவான், கை உளைந்து அவன் மெதுவாகச் சுற்றினால் பாட்டும் இழுபட்டுக் கட்டைக் குரலாகும், நான் மாறிச் சுற்றத் தொடங்கினால் திரும்ப எழும்பும். கிராஃப்ட்வேர்க் என்றால் மின் நிலையம் என்று அர்த்தமாம், அது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த இசையை மெசின் தானாகச் செய்யவில்லை. டுசெல்டோர்ஃப் நகரில் 1970இல் குழுவைத் தொடங்கிய ரால்ஃப் ஹூட்டரும் ஃபுளோரியன் ஷ்னைடரும் முறையாக இசை படித்தவர்கள், ஷ்னைடர் புல்லாங்குழல்காரர். வேண்டிய கருவி கடையில் கிடைக்காதபோது தாங்களே செய்தார்கள். வொல்ஃப்காங் ஃப்ளூர் வாசித்த மின் மேளம் அப்படி வந்ததுதான்: தகட்டைக் கம்பியால் தொட்டவுடன் மின்சுற்று பூட்டி அடி விழும். மின்சாரத்தால் ஒலி எழுப்பும் அந்தக் காலத்துச் சின்தசைசர்கள் சூட்டுக்குச் சுருதி விலகும், மிருதங்கத்துக்கு வார் இழுக்கிற மாதிரி அதையும் திருகித் திருகிச் சேர்க்க வேண்டும். இதில் எங்கே பொத்தானை அமத்திவிட்டுச் சும்மா இருக்கிறது?

1977இல் 'ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்' என்று ரயிலின் தாளத்தையே இசையாக்கினார்கள். தண்டவாளம் இல்லாமல் போன ஊர்களில் வளர்ந்தவன் நான். 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த காலத்தில் ஸ்டேஷனில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்தப் பாட்டுத்தான், கண் கலங்கிவிட்டது. இதே பாட்டின் மெட்டை எடுத்துத்தான் 1982இல் நியூயோர்க்கில் ஆஃப்ரிக்கா பம்பாட்டா என்ற ஹிப்ஹொப் கலைஞர் 'பிளனட் ரொக்' பாட்டைச் செய்தார். அமெரிக்காவின் டிட்ரொய்ட் நகரக் கறுப்பினப் பிள்ளைகள் டெக்னோ என்கிற மின்னணு நடன இசையை உருவாக்கியதிலும் இவர்களின் பங்கு பெரியது. உயிர் இல்லாத சத்தம் கடல் தாண்டிப் போய் அத்தனை பேரை ஆட வைக்குமா?

ஆர்மோனியமும் ஐரோப்பாவில் இருந்து வந்த பெட்டிதான். இன்றைக்கு அது இல்லாமல் காத்தவராயன் கூத்து நடக்குமா, சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் தண்ணீர்ப் பம்ப் ஓடுகிற சத்தத்தையும் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு மெசினின் சத்தத்தையும் போனில் பதிந்து, வெட்டி ஒட்டித் தாளம் செய்கிறான். ஒரு துண்டுக்கு ஒரு கிழமை மினக்கெடுகிறான். அந்தக் கட்டுரையை அவனும் வாசித்தான், இரண்டு நாள் போனைத் தொடவில்லை. தயவுசெய்து உங்கள் ஞாயிறு பக்கத்தில் கிராஃப்ட்வேர்க் பற்றி ஒரு நல்ல அறிமுகம் போடுங்கள். கட்டுரை எழுதியவர் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வரட்டும், அவன் செய்ததை இருந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மாங்குளம்.