முதுமை வரை வளர்த்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். வயது ஏற ஏறச் சுண்டெலியின் விழித்திரையில் என்னென்ன மாறுகின்றன என்பது பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. நன்றியுரைக்கென ஆய்வேட்டில் ஒதுக்கப்படும் ஒற்றைப் பக்கத்தில் நெறியாளருக்கும் நிதி நல்கியவர்களுக்கும் உரிய சொற்களை எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஆய்வு யார் யார் கைகளில் உருவானதோ அவர்கள் அனைவருக்கும் அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லை. அவர்கள் செய்தது என்ன என்பதைப் பிறரும் அறியவேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதுமையை ஆராய வேண்டுமானால் முதிய விலங்கு வேண்டும். அமெரிக்காவில் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் எலிகளை முதுமை வரை வளர்த்து ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. அந்த வசதி இல்லாத இடங்களில் குட்டியிலிருந்து வளர்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 18 முதல் 24 மாதம் வரையிலான சுண்டெலியை மனித வயதில் 56 முதல் 69 வரை உள்ளவரோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த வயது வரை அதை உயிரோடு வைத்திருந்தால் மட்டும் போதாது. கடைசியில் அதன் கண்ணில் நாம் காணும் மாற்றம் முதுமையால் வந்ததாகவே இருக்கவேண்டும். விளக்கொளியால் வந்த சேதமாகவோ பிறவியிலேயே இருந்த குறையாகவோ இருந்துவிடக் கூடாது. என் முதல் நன்றி அந்தத் தூய்மையைக் காத்தவர்களுக்கே.

ஆய்வு விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் பணிபுரியும் அண்ணன்கள் இருவருக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆய்வுக்கூட விளக்கொளி போன்ற சாதாரண வெளிச்சமே நீண்ட நேரம் பட்டால் எலியின் விழித்திரையைச் சிதைக்கும் என்பதை விழித்திரை ஆய்வாளர் வெர்னர் நோயலும் அவரோடு பணியாற்றியவர்களும் 1966-லேயே காட்டிவிட்டார்கள். நிறமியற்ற வெள்ளை எலிகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம் என்றாலும், கறுப்புச் சுண்டெலிகளை வைத்து ஆராய்பவர்களும் வெளிச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. அடுக்கின் மேல்தட்டில் இருக்கும் கூண்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் வேறு, கீழ்த்தட்டில் கிடைக்கும் வெளிச்சம் வேறு. ஆகவே வாரந்தோறும் மேல்தட்டுக் கூண்டுகளைக் கீழிறக்கி, கீழே இருந்தவற்றை மேலேற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் குறித்துவைத்தார்கள். விடுமுறை நாள்களிலும் அந்தப் பக்கங்கள் காலியாக இல்லை. கறுப்புச் சுண்டெலிகளுக்கு வயதானால் தோலில் புண் வருவதும், அதைச் சொறிந்து சொறிந்தே புண் பெரிதாவதும் உண்டு. கால்நடை மருத்துவர் சொன்னபடி பின்னங்கால் நகங்களைச் சிறு கத்தரியால் நறுக்கிவிடும் வேலையை, ஒவ்வொரு எலியையும் உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து, அவை அஞ்சி நடுங்காதபடி செய்தவர்கள் அவர்கள். ஆய்வுக் கட்டுரையில் ‘முதிய விலங்குகள்’ என்று இரண்டே சொற்களில் கடந்துபோகும் விஷயத்திற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

ஆய்வு தொடங்குமுன் எங்களை எச்சரித்த வேறொரு ஆய்வகத்தின் மூத்த அறிவியலாளருக்கும் நன்றி சொல்லவேண்டும். ‘சி57பிஎல்/6’ என்ற ஒரே பெயரில் வழங்கும் கறுப்புச் சுண்டெலி இனத்திற்குள் ‘ஜே’, ‘என்’ என உட்பிரிவுகள் உள்ளன. ‘என்’ பிரிவுச் சுண்டெலிகள் சிஆர்பி1 மரபணுவில் ‘ஆர்டி8’ என்னும் பிறழ்வைச் சுமந்திருப்பதும், அதனால் விழித்திரையில் புள்ளிபுள்ளியாகச் சிதைவு தோன்றுவதும் 2012-ல் வெளியான ஆய்வொன்றால் பரவலாகத் தெரியவந்தன. அந்தச் சிதைவைப் பார்த்து முதுமையின் விளைவு என்று எழுதிவிடுவது எளிது. “வாலின் நுனியில் துளி திசு எடுத்து மரபணுவைச் சோதித்துவிட்டு அப்புறம் இனப்பெருக்கத்தைத் தொடங்குங்கள்” என்று அவர் தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்தான் எங்கள் முடிவுகளை இன்று நம்பத்தக்கவையாக வைத்திருக்கிறது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் அப்போது கடுமையாகத் தோன்றின. இப்போது அவற்றை நன்றியோடு நினைக்கிறேன். ஒரே விலங்கில் முதலில் விழித்திரையின் மின்பதிவை எடுத்துவிட்டு, பின்னர் ஒரு கண்ணைக் குறுக்குவெட்டுக்கும் மறு கண்ணை விரித்துப் பார்ப்பதற்கும் பயன்படுத்தலாமே என்று கேட்டது அக்குழுதான். அதனால் தேவைப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒரே விலங்கின் செயலையும் அமைப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கவும் முடிந்ததால் ஆய்வின் தரமும் உயர்ந்தது.

ஒளிக்கு விழித்திரை காட்டும் மின்துலங்கலை அளக்கும் ஈ.ஆர்.ஜி. பதிவில் துணைநின்ற தொழில்நுட்பருக்கு என் வணக்கம். இரவு முழுவதும் இருட்டில் வைத்த சுண்டெலியை மங்கிய சிவப்பு விளக்கில் மட்டுமே கையாளவேண்டும். அதன் விழித்திரை ஆழ்ந்த சிவப்பொளியை அநேகமாக உணர்வதில்லை. அந்த அரையிருட்டில் மயக்க மருந்தின் அளவையும் உடல் வெப்பத்தையும் கவனித்துக்கொண்டே, முடியளவு மின்முனையைக் கருவிழியில் வைக்கும் கைத்திறன் எளிதில் வாய்க்காது. ஒளி ஏற்பிகளின் வேலையைக் காட்டும் ஏ-அலையும், அவற்றிடமிருந்து செய்தியைப் பெறும் இருமுனை செல்களின் வேலையைக் காட்டும் பி-அலையும் முதிய விலங்குகளில் தாழ்ந்திருந்ததை அவர்தான் முதலில் திரையில் சுட்டிக்காட்டினார்.

திசுப் பிரிவில் பணியாற்றும் அக்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். சுண்டெலியின் கண் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதன் பெரும்பகுதியை விழிவில்லையே அடைத்துக்கொள்கிறது, வயதாக ஆக அந்த வில்லை கடினமாகிறது. திசுவை மெல்லிய சீவலாக வெட்டும் மைக்ரோடோம் கருவியின் கத்தி அதில் இடறினால் பக்கத்திலிருக்கும் விழித்திரை கிழிந்துபோகும். வெட்டு பார்வை நரம்பின் வழியே செல்லாவிட்டால் ஒரு கண்ணின் தடிமனை மற்றொன்றோடு ஒப்பிடவே முடியாது. பாரஃபின் கட்டியைப் பனிக்கட்டியின் மேல் குளிரவைத்து, கத்தியின் கோணத்தை மாற்றி மாற்றி, பார்வை நரம்பு தெரியும்வரை ஒவ்வொரு நாடாவையும் நுண்ணோக்கியில் பார்த்து ஒதுக்கிய அவருடைய பொறுமையால்தான் எனக்கு ஒப்பிடத்தக்க வெட்டுகள் கிடைத்தன.

அந்த வெட்டுகளில் முதிய விழித்திரை மெலிந்திருந்தது. மெலிந்தது என்றால் செல்கள் அழிந்தன என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் நரம்பியல் அறிஞர் ஜோஷ்வா சேன்ஸின் குழு ஹார்வர்டில் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு, சுண்டெலியின் விழித்திரை வயதானால் மெலிந்தாலும் பரப்பில் விரிவதால் அதன் கனஅளவு மாறுவதில்லை என்றும், செல்களின் எண்ணிக்கையில் பெரிய இழப்பு இல்லை என்றும் காட்டியிருந்தது. பார்வைச் செய்தியை மூளைக்கு அனுப்பும் கேங்லியான் செல்களின் கிளைகள் சுருங்குகின்றன. ஒளி ஏற்பிகளைப் பக்கவாட்டில் இணைக்கும் கிடைமட்ட செல்களும், மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்களுக்கான இருமுனை செல்களும் தம் எல்லையைத் தாண்டி ஒளி ஏற்பிகளின் அடுக்குக்குள் கிளைவிடுகின்றன. ஆக, முதுமையில் குலைவது பெரும்பாலும் செல்களுக்கிடையேயான இணைப்புகள்தான். இதை எங்கள் விலங்குகளில் சரிபார்க்க மறு கண்ணின் விழித்திரையை நான்கு இடத்தில் கீறி, நாலிதழ்ப் பூவைப் போல விரித்துப் பரப்பை அளக்கவேண்டியிருந்தது. முதிய திசு தொட்டால் கிழியும். அதையும் அக்காவே கற்றுத்தந்தார். தடிமனை மட்டும் அளந்து இழப்பு என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் அவர் விரித்துக்காட்டிய அந்தத் திசுவின் மதிப்பு எனக்குக் கூடுகிறது.

ஒளிர்நுண்ணோக்கிப் பிரிவினருக்கு நன்றி. சுண்டெலியில், விழித்திரையின் பின்புறத்தில் படர்ந்திருக்கும் ஒவ்வொரு நிறமி எபிதீலிய செல்லும் தனக்கு மேலிருக்கும் சுமார் 200 ஒளி ஏற்பிகளைப் பராமரிக்கிறது. அவை நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை வாழ்நாள் முழுவதும் விழுங்கிச் செரிக்கும் அந்தச் செல்லில், செரிக்காத எச்சம் லிப்போஃபஸ்சின் என்னும் கழிவாகத் தங்கிப்போகிறது. சாயம் எதுவும் ஏற்றாமலேயே அது ஒளிர்வதையும், இளமையில் உள்ளடுக்குகளிலேயே இருக்கும் மைக்ரோகிளியா என்னும் நோயெதிர்ப்பு செல்கள் முதுமையில் ஒளி ஏற்பிகளுக்கும் நிறமி எபிதீலியத்துக்கும் இடையே வந்து அந்த எச்சத்தைச் சுமந்திருப்பதையும், முறை வைத்துக் காத்திருந்த மற்றவர்களின் நேரத்தையும் எனக்கு விட்டுக்கொடுத்துப் படம்பிடித்துத் தந்தார்கள்.

கண் தானம் செய்தவர்களின் குடும்பத்தாருக்கு இதை எழுதும்போது சொற்கள் தயங்குகின்றன. சுண்டெலிக்கு மாக்குலா என்னும் நடுப்பார்வைப் பகுதி இல்லை. அதன் ஒளி ஏற்பிகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு குச்சி செல்கள். மனித முதுமையைப் பற்றி அது ஓரளவுக்குத்தான் சொல்லும். விழித்திரை ஆய்வாளர் கிறிஸ்டின் கர்சியோவின் குழுவால் 1993-ல், மனித விழித்திரையின் நடுப்பகுதியில் 34 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே குச்சி செல்கள் சுமார் 30 விழுக்காடு குறைவதையும், பகலொளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்கள் பெரிதும் நிலைத்திருப்பதையும் கண்டறிய முடிந்தது, தானமாகக் கிடைத்த கண்களால்தான். கார்னியாவைப் பார்வையற்றவர்களுக்கு அளித்த பிறகு எஞ்சியதை ஆய்வுக்குப் பயன்படுத்தவும் துயரத்தின் நடுவே ஒப்புதல் தந்த குடும்பங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

புள்ளியியலில் வழிகாட்டிய பேராசிரியருக்கும், வரைவுகளைப் படித்துத் திருத்திய ஆய்வக நண்பர்களுக்கும், என் வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஆய்வுக்காக உயிர்நீத்த சுண்டெலிகளுக்கு நன்றி சொல்வதால் அவற்றுக்கு ஆவது ஒன்றுமில்லை என்பதை அறிவேன். ஆயினும் அவற்றை இந்த மடலில் விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எல்லா வயது விலங்குகளின் திசு வெட்டுகள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளும் மெழுகுக் கட்டிகளும், கூண்டு மாற்றிய நோட்டும், மின்பதிவுக் கோப்புகளும் எங்கள் துறையில் வரிசை எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. விழித்திரை முதுமையை ஆராயும் மாணவர் யாராயினும் துறைத்தலைவருக்கு எழுதிக் கேட்டுப் பெறலாம். அதற்காக மீண்டும் சில விலங்குகளை இரண்டு ஆண்டுகள் வளர்க்கவேண்டிய தேவை அவர்களுக்கு இராது.

நன்றியுடன்,
விழித்திரை ஆய்வு மாணவி