பன்னிரண்டாம் நாள் படம்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறானே, அவன் விஷயத்தில் உறுதியாக ஏதாவது தெரிந்தபின் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்னும் தெரியவில்லை. சரி, இருக்கிற நிலவரத்தை எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி இன்றோடு 12 நாள். ஸ்டெம் செல், அதாவது புது ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல், ஏற்றிய நாளை 0 என்று வைத்து எண்ணுகிறார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், தொடர்ந்து மூன்று நாள் 500-க்குக் குறையாமல் நின்றால் புது மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகுமாம். நேற்று 80.

அந்த அறைக்குப் பூவோ செடியோ கொண்டுபோக முடியாது. அவற்றிலிருக்கும் பூஞ்சையே அவனுக்கு ஆபத்து. ஜன்னல் வழியே பார்த்தாலும் எதிரே சுவர்தான். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கிறதா? பித்தப்பை அறுவைக்குப் பின் ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஆராய்ந்தது 46 பேரைத்தான். ஆனாலும் அதுதான் என்னைக் கேமராவை எடுக்க வைத்தது.

என் வீட்டெதிரே ஒரு மரம், இலையெல்லாம் கொட்டி நிற்கிறது. தினமும் காலையில் அதே இடம், அதே லென்ஸ், ஒரே ஒரு படம். எடுத்ததும் அவன் போனுக்கு அனுப்பிவிடுவேன். முதல் நாளே சொல்லிவிட்டான்: "அழகுபடுத்தாதே. எப்படி இருக்கோ அப்படியே அனுப்பு."

ஒன்பதாம் நாள் கடும் மூடுபனி. அன்று அவனுக்குக் காய்ச்சல், வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்கவில்லை. முந்தைய நாளின் வெயில் படத்தையே மறுபடி அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. மனம் ஒப்பவில்லை. மூடுபனியைக் கேமராவின் போக்கில் விட்டால் சாம்பலாக்கிவிடும், உனக்குத் தெரியாததா? எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டினேன், அதாவது ஒளியை இரு மடங்காக விட்டேன், கண்ணுக்குத் தெரிந்த அதே வெண்மை வந்தது. மரம் பாதிதான் தெரிந்தது. சாயங்காலம் பதில் வந்தது: "மரம் அங்கேதான் இருக்கு."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ.

இன்றைய படத்தில், இடப்பக்கத் தாழ்ந்த கிளையில் குண்டூசித் தலையளவு ஒரு மொட்டு. பெரிதாக்கிக் காட்டவில்லை, அவனே தேடட்டும். இன்னும் பதில் வரவில்லை. தூங்குகிறான் போல.

அப்புறம், உன் பழைய கேமரா வேலை செய்கிறதா? நாளை விடிந்ததும் உன் ஜன்னலில் தெரிவதை ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பு. எதையும் திருத்தாதே.

அன்புடன்,
உன் நண்பன்