காய்ச்சல் கணக்கை வாசலில் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் 'காய்ச்சல் வேகமாகப் பரவுகிறது' என்று செய்தி வரும். மறுநாளே 'பீதியடைய வேண்டாம்' என்று அதிகாரிகள் தரப்பில் விளக்கம் வரும். எந்த வார்டில், சென்ற ஆண்டு இதே வாரத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பது மட்டும் இரண்டிலும் இராது.

வடசென்னையில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமொன்றின் மருந்து ஜன்னலில் நின்று ஓய்வுபெற்றவன் நான். மழைக்காலத்தின் போக்கு எங்களுக்கு இருப்புப் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் வழக்கத்தைவிட முன்னதாகத் தீர்ந்தால் பள்ளிகளில் காய்ச்சல் சுற்றுகிறது. ஒரே தெருக்காரர்கள் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்டு வந்தால் அங்கே குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குத் தனியாக ஆய்வு எதுவும் தேவையில்லை. அன்றாடம் எழுதும் கணக்குதான்.

அந்தக் கணக்கு மேலே போகாமலும் இல்லை. ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியது. களப்பணியாளர் அறிகுறியை எழுதுவார், மருத்துவர் தம் கணிப்பை எழுதுவார், ஆய்வகம் உறுதியானதை எழுதும். 2021 முதல் எல்லாம் இணையத் தளத்தில் ஏறுகிறது. மேலே ஏறுவது தெருவுக்கு இறங்கி வருவதில்லை என்பதே என் குறை.

எண்களை அப்படியே வெளியிட்டால் மக்கள் மிரள்வார்கள் என்று சொல்லப்படுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. தீபாவளி வாரத்தில் புறநோயாளிகள் குறைவார்கள். அதனால் நோய் குறைந்ததாக ஆகாது. ஒரு வார்டில் காய்ச்சல் முகாம் போட்டால் அந்த வார எண்ணிக்கை எகிறும். வீட்டில் கஷாயம் குடித்துப் படுத்திருப்பவர்களும் அன்று கணக்கில் வந்துவிடுவார்கள். முகாமே போடாத பக்கத்து வார்டு ஆரோக்கியமாகத் தெரியும்! தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்களோ பெரும்பாலும் எங்கள் பதிவேட்டுக்கு வருவதே இல்லை. ஆகவே நகரில் மொத்தம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று இந்த எண் சொல்லாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், வாரந்தோறும் எண்ணி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்லும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் வாராந்திர அறிக்கைகளை வைத்து 1960-களிலிருந்து இப்படித்தான் ஃப்ளூவைக் கவனிக்கிறார்கள். இணையத் தேடல்களை வைத்தே ஃப்ளூவைக் கணிக்கலாம் என்று 2008-இல் இறங்கிய கூகுள், மிகையாகக் கணித்துச் சிக்கி, 2015-இல் அதை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. ஓ.பி. சீட்டு அந்த அளவுக்கு ஏமாற்றாது.

இதில் ஒரு வாரம் தாமதித்தாலும் நஷ்டம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கடித்தபின் டெங்கு காய்ச்சல் தெரிய நான்கு முதல் பத்து நாள் ஆகும். பிள்ளை மருத்துவமனையில் படுத்த பிறகு மருந்தடிக்கும் வண்டி தெருவுக்குப் புகை விட வருவதில் என்ன பயன்? மொட்டை மாடித் தொட்டியையும் பழைய டயரையும் அதற்கு முன்பே கவிழ்த்திருக்க வேண்டும்.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். திங்கட்கிழமைதோறும் சென்ற வாரத்தின் மொத்தப் புறநோயாளிகள், அவர்களில் காய்ச்சல் எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை, சென்ற ஆண்டு இதே வாரத்தில் எத்தனை என்று எழுதுங்கள். முகாம் நடந்திருந்தால் அதையும் ஓரத்தில் குறியுங்கள். நோயாளியின் பெயரோ தெருவோ வேண்டாம். 200 வார்டுகளுக்கும் சேர்த்து அதே எண்களை மாநகராட்சி இணையதளத்தில் போட்டால், தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை வானிலைக்குப் பக்கத்தில் அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.